செட்டிநாட்டு வீட்டில் நடக்கும் தொடரா? பார்த்துக் கருத்து எழுதும் முறை

முதலில் டிவி செட்டிங்கில் மோஷன் ஸ்மூத்திங்கை அணையுங்கள். படங்கள் பெரும்பாலும் வினாடிக்கு 24 ஃபிரேமில் எடுப்பவை. இடையில் டிவியே ஃபிரேம் சேர்த்தால் எல்லாம் மெகா சீரியல் போல வழுவழுப்பாகிவிடும். பழி ஒளிப்பதிவாளர் தலையில் விழும். ஆட்டோபிளேயும் வேண்டாம். எபிசோட் முடிந்த கையோடு, நிமிடத்தைக் குறித்து இரண்டு வரி எழுதுங்கள். ஆறப்போட்டால் கிளைமாக்ஸ் மட்டுமே நினைவில் நிற்கும்.

அடுத்து வீட்டைக் கவனியுங்கள். முகப்பு, வளவு (தூண்கள் சூழ்ந்த முற்றப் பகுதி), இரண்டாம் கட்டு (அதற்கடுத்த உள்பகுதி), அடுப்படி என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் வீடு அது. முகப்பில் நிற்பவர் ஒரே எட்டில் அடுப்படிக்குள் நுழைந்தால் இயக்குநருக்கு வீடு பிடிபடவில்லை. வளவு முற்றம் வானம் பார்த்தது. நண்பகல் காட்சியில் தூண் நிழல் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் நீளமாகச் சாய்ந்தால் நேரம் தப்பு.

பேச்சை மூல ஒலியில்தான் கேட்க வேண்டும். இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார் (செட்டியார்) வீட்டில் அப்பச்சி என்றால் அப்பா. தாத்தாவை அப்படிக் கூப்பிட்டால் வசனகர்த்தா விசாரிக்கவில்லை என்று தயங்காமல் எழுதலாம்.

“சூப்பர்”, “மொக்கை” என்று நிறுத்தாதீர்கள். எந்தக் காட்சி, ஏன் என்று சொல்லுங்கள். திருப்பங்களை மட்டும் விட்டுவிடுங்கள்.