வளர்ப்புப் பாம்பு கையைக் கவ்விக்கொண்டால் விடுவிப்பது எப்படி: புதிதாக வளர்ப்போருக்கான செய்முறை

பால் பைத்தான் (Ball Python, பந்துபோல் சுருண்டுகொள்ளும் சிறு வெளிநாட்டு மலைப்பாம்பு), கார்ன் ஸ்நேக் (Corn Snake) போன்ற நஞ்சற்ற பாம்புகளை வாங்குவோர் அதற்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை எலி கொடுக்க வேண்டும், பெட்டி எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்றெல்லாம் விசாரித்துக்கொள்கிறார்கள்; அது கையைக் கவ்விக்கொண்டு விட மறுத்தால் என்ன செய்வது என்பதைப் பெரும்பாலும் கேட்பதில்லை. கடி என்பது சிறு குண்டூசிக் குத்தல்களைப் போன்ற காயம்தான். கடிபட்டவர் பதறிக் கையை உதறி இழுக்கும்போதுதான் அந்தச் சிறு காயம் நீளமான கிழிசலாக மாறுகிறது. பாம்பின் பற்கள் தொண்டையை நோக்கிப் பின்புறமாக வளைந்தவை என்பதால், இரை முன்னோக்கி நழுவ முயலும் ஒவ்வொரு முறையும் அவை மேலும் ஆழமாக ஏறும். கையை இழுக்கும் நீங்களும் அந்தப் பல்லுக்கு நழுவும் இரைதான். இந்த ஓர் உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லப்படும் படிகளின் வரிசை தானாகவே விளங்கும்: வலுவே தேவைப்படாத முறை முதலில், சானிடைசர் தேவைப்படும் முறை கடைசியில்.

எந்தப் பாம்பு என்பதில் ஐயம் இருந்தால் இந்த முறை உங்களுக்கு உரியதன்று

இங்கே எழுதியிருப்பது, நஞ்சற்றது என்று உறுதியாகத் தெரிந்த, உங்கள் பெட்டியிலேயே வளர்ந்த பாம்புக்கு மட்டும் பொருந்தும். நமது கொங்குப் பகுதியில் இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பல்லடம், நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைகளில் தீவனம் சிந்தும் இடத்துக்கு எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். தோட்டத்து வீடுகளில் சோளத்தட்டுப் போருக்கும் விறகு அடுக்குக்கும் அடியில் நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் தங்குவது புதிதன்று. வீட்டுக்குள் பிடிபட்ட கோடு போட்ட குட்டிப் பாம்பை நஞ்சற்ற ஓநாய்ப் பாம்பு என்று எண்ணிக் கையில் எடுப்போர் உண்டு. அது கட்டுவிரியனாக இருந்தால் கடிபட்டதே சரியாகத் தெரியாமல் போகலாம், ஏனெனில் அதன் கடியில் வலி மிகக் குறைவு. அத்தகைய ஐயம் சிறிதளவு இருந்தாலும் பாம்பை விட்டு விலகி, மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி, கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்துக்கொண்டு 108-ஐ அழைத்து, பாம்புக்கடி நஞ்சுமுறி மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கயிறு கட்டுவதும், பிளேடால் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் கேடு விளைவிக்கும்.

சட்டத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். சாரை, மண்ணுளி, மலைப்பாம்பு உள்ளிட்ட நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைத்தான் போலப் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் (CITES) உள்ள வெளிநாட்டு இனங்களை, 2024-இல் வெளியான விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

இது அச்சக் கடியா, பசிக் கடியா?

அச்சத்தால் கடிக்கும் பாம்பு கழுத்தை எஸ் வடிவில் மடக்கி, சீறி, மின்னல்போல் பாய்ந்து கடித்துவிட்டு உடனே பின்வாங்கும். இதில் விடுவிக்க எதுவும் இல்லை. காயத்தைக் கழுவினால் போதும். பசிக் கடியில் பாம்பு உங்கள் கையை எலி என்றே நம்புகிறது. பால் பைத்தானின் உதட்டோரத்தில் வெப்பத்தை உணரும் குழிகள் இருப்பதால், எலியைத் தொட்ட வாசனையோடு வரும் வெதுவெதுப்பான கை அதற்கு உணவாகவே தோன்றும். அப்போது அது கவ்விய பிடியை விடாமல், உடலைக் கொண்டுவந்து மணிக்கட்டைச் சுற்றி இறுக்கத் தொடங்கும். இறுகச் சுற்றும் பாம்புகள் இரையின் அசைவை உணர்ந்து அதற்கேற்ப இறுக்கத்தைக் கூட்டுபவை. ஆகவே நீங்கள் எவ்வளவு போராடுகிறீர்களோ அவ்வளவுக்கு அது உங்களை உயிருள்ள இரையென்று உறுதி செய்துகொள்ளும். கீழுள்ள படிகள் இந்த இரண்டாம் வகைக்கு உரியவை.

முதல் படி: உட்காருங்கள், பாம்பின் எடையைத் தாங்குங்கள்

நின்றுகொண்டிருந்தால் தரையிலோ நாற்காலியிலோ உட்கார்ந்து, கடிபட்ட கையை மேசை மீதோ மடியிலோ வையுங்கள். பாம்பின் உடல் அந்தரத்தில் தொங்கினால், நீங்கள் இழுக்காவிட்டாலும் அதன் எடையே பற்களை இழுத்துக்கொண்டிருக்கும் என்பதால், மற்றொரு கையால் உடலை அடியிலிருந்து தாங்குவது அவசியம். கழுத்தை நெரித்துப் பிடிக்க வேண்டாம். வீட்டில் வேறு யாராவது இருந்தால் கத்தாமல் கூப்பிடுங்கள். "ஏனுங் மாமா, பாம்பு கையைக் கவ்விக்கிச்சு, வெசமெல்லாம் இல்லீங், ஃபிரிட்ஜுல இருக்கற தண்ணி பாட்டலை எடுத்துக்கிட்டு மெதுவா வாங்" என்று சொல்வதற்கும், வெறும் அலறலுக்கும் இடையே உள்ள வேறுபாடு பெரிது. அலறலைக் கேட்டு வருபவர் விளக்குமாற்றோடு வருவார். அடிபடப்போவது உங்கள் கைமேல் இருக்கும் பாம்பு.

இரண்டாம் படி: சிறிது காத்திருங்கள்

சிறிய பால் பைத்தானும் கார்ன் ஸ்நேக்கும், தாம் கவ்விய பொருள் துடிக்கவும் இல்லை, விழுங்கும் அளவில் அடங்கவும் இல்லை என்று தெரிந்தால் பல நேரங்களில் தாமாகவே விட்டுவிடும். ஓரிரு நிமிடம் அசையாமல் இருப்பது கடினம்தான், ஆயினும் பாம்புக்கும் உங்களுக்கும் மிகக் குறைந்த சேதத்தில் முடியும் வழி இதுவே. விட்டவுடன் கையைச் சட்டென்று இழுத்தால் மறுபடியும் பாயக்கூடும், மெதுவாக விலக்குங்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஹாக்னோஸ் எனப்படும் பன்றிமூக்குப் பாம்புக்குப் பின்புறப் பற்களில் மிதமான நஞ்சு இருக்கிறது. அது மென்றுகொண்டே இருந்தால் வீக்கம் கூடும் என்பதால், அதன் விஷயத்தில் காத்திருக்காமல் நேராக நான்காம் படிக்குச் செல்ல வேண்டும்.

மூன்றாம் படி: சுற்றியிருந்தால் வாலிலிருந்து பிரியுங்கள்

தலையை விடுவிப்பதற்கு முன்பே சுற்றைப் பிரித்துவிட வேண்டும், ஏனெனில் சுற்று இருக்கும்வரை பாம்பு இரையைப் பிடித்திருப்பதாகவே நினைக்கும். உடலின் நடுப்பகுதியில் தசைவலு மிகுதி. வால் நுனியில் குறைவு. வால் நுனியைப் பிடித்து, அது சுற்றிய திசைக்கு எதிராக, ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்துக்கொண்டே தலையை நோக்கி வாருங்கள். நடுவில் விரலை நுழைத்து நெம்ப முயல்வது வீண். விரல்கள் நீலம் பாரித்தாலோ மரத்துப்போனாலோ இந்தப் படியை உடனே செய்ய வேண்டும், காத்திருக்கக் கூடாது.

ஆறு அடிக்கு மேற்பட்ட போவா போன்ற பெரிய வெளிநாட்டுப் பாம்பை வைத்திருப்போர் உதவிக்கு ஆள் இல்லாமல் பெட்டியைத் திறக்கவே கூடாது. அத்தகைய பாம்பு கழுத்தையோ மார்பையோ சுற்றினால் அது இந்தக் கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்ட அவசரநிலை.

நான்காம் படி: குளிர்ந்த தண்ணீர்

பெரும்பாலான பிடிகள் இந்தப் படியிலேயே விட்டுப்போகின்றன. குளிர்ந்த தண்ணீரை மெல்லிய தாரையாகப் பாம்பின் மூக்கின் மேலும் தலையின் மேலும் விட வேண்டும். வாய் திறந்த நிலையில் இருப்பதால் தண்ணீர் மூச்சுக்குழலில் இறங்காதபடி கையைச் சற்றுத் தாழ்த்தி, பாம்பின் தலை கீழ்நோக்கி இருக்குமாறு பிடித்துக்கொள்ளுங்கள். தலையை வாளிக்குள் அமுக்கிப் பிடிப்பது நல்ல வழியன்று. பாம்பு நெடுநேரம் மூச்சடக்கும், உங்கள் பொறுமைதான் முதலில் தீரும்.

இங்கே நமது ஊருக்கே உரிய ஒரு சிக்கல் வருகிறது. வெளிநாட்டுக் குறிப்புகளில் குழாயைத் திறந்து கையை அடியில் நீட்டுங்கள் என்று எழுதியிருப்பார்கள். ஈரோட்டிலோ கரூரிலோ சித்திரை மாதத்து மதியம் இரண்டு மணிக்கு மொட்டைமாடி சின்டெக்ஸ் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் கையைச் சுடும். அதைப் பாம்பின் முகத்தில் விட்டால் பிடி தளராது, வாயின் உட்புறம் வெந்து புண்ணாகவும் வாய்ப்புண்டு. மார்கழியில் கோவையில் குழாய்த் தண்ணீரே போதும். மற்ற நாட்களுக்காகப் பாம்பு வளர்ப்போர் வீட்டு ஃபிரிட்ஜில் ஒரு பாட்டில் தண்ணீர் தனியாக எப்போதும் இருக்கட்டும். அதன்மேல் பெயர் எழுதி ஒட்டிவிட்டால் யாரும் குடித்துத் தீர்க்க மாட்டார்கள். பனிக்கட்டி போட்ட தண்ணீர் வேண்டாம். பாம்பு தன் உடல்வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்தே பெறும் உயிர் என்பதால் கடுங்குளிர் அதைத் தளர்த்திவிடும். உடல் முழுவதும் நனைத்துவிடாமல் தலைப்பகுதியோடு நிறுத்திக்கொள்வதும் அதே காரணத்துக்காகத்தான்.

ஐந்தாம் படி: பற்களைக் கொக்கியிலிருந்து கழற்றுதல்

தண்ணீருக்கும் விடவில்லை என்றால், அல்லது பல் தோலில் மாட்டிக்கொண்டு பாம்பே விட முடியாமல் தவிக்கிறது என்று தெரிந்தால், கைத்திறன் தேவைப்படும் இந்தப் படிக்கு வாருங்கள். உள்ளுணர்வு சொல்வதற்கு நேர்மாறாக, கடிபட்ட பகுதியைப் பாம்பின் வாய்க்குள் மேலும் சிறிதளவு, அரிசிமணி அளவுக்கு, தள்ள வேண்டும். பின்னோக்கி வளைந்த பற்கள் அப்போதுதான் தோலிலிருந்து நழுவி வெளிவரும். தள்ளிய நிலையிலேயே பாம்பின் தலையைப் பின்புறத்திலிருந்து விரல்களால் மென்மையாகத் தாங்கி, முதலில் கீழ்த்தாடையையும், அது விலகிய பின் மேல்தாடையையும் தூக்கி விடுவியுங்கள். மேல்தாடையில் வெளிவரிசைப் பற்களைத் தவிர அண்ணத்திலும் இரண்டு வரிசைகள் இருப்பதால் அதற்குச் சற்றுக் கூடுதல் நேரம் ஆகும்.

விரலால் முடியாவிட்டால் காலாவதியான ஏடிஎம் அட்டை ஒன்றை எடுத்து, வாயின் முன்புறத்திலிருந்து தோலுக்கும் பற்களுக்கும் இடையே தட்டையாகச் செருகலாம். பற்கள் அட்டையின் மேல் ஏறியதும் அவற்றுக்குப் பிடிமானம் இருக்காது. கத்தி, கரண்டிக் காம்பு, ஸ்க்ரூடிரைவர் எதுவும் வேண்டாம். பாம்பின் தாடை எலும்புகள் நாம் நினைப்பதைவிட மெல்லியவை, நெம்பினால் உடையும்.

ஆறாம் படி: சானிடைசர், கடைசி வழியாக மட்டும்

கொரோனா காலத்துக்குப் பின் எல்லார் வீட்டிலும் கிடக்கும் ஆல்கஹால் கலந்த கை சானிடைசரைப் பஞ்சில் இரண்டு மூன்று துளி நனைத்து, பாம்பின் வாயோரத்தில் தொட்டு வைத்தால் அதன் சுவையும் நெடியும் பிடிக்காமல் அது விட்டுவிடும். தலை கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்ற விதி இங்கேயும் பொருந்தும். கண்ணிலும் மூக்குத்துளையிலும் படக் கூடாது, பாட்டிலோடு ஊற்றவும் கூடாது. விட்டவுடன் பாம்பின் வாயோரத்தைச் சுத்தமான தண்ணீரால் கழுவிவிடுங்கள். ஆல்கஹால் வாயின் உட்தோலை எரிச்சலூட்டும் என்பதாலேயே இதைக் கடைசியில் வைத்திருக்கிறேன். சில வளர்ப்போர் இதையே முதலில் செய்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. மாமனார் அலமாரியில் இருக்கும் குவார்ட்டரும் இதே வேலையைச் செய்யும்தான், ஆனால் அதைத் தேடிக் கேட்கும் நேரத்தில் பாம்பு தானாகவே விட்டிருக்கும்.

மிளகாய்த்தூள், புகையிலைத் தண்ணீர், மண்ணெண்ணெய், பீடிப்புகை, கொளுத்திய தீக்குச்சி ஆகியவற்றைப் பக்கத்து வீட்டார் பரிந்துரைப்பார்கள். இவற்றுள் எதையும் செய்ய விடாதீர்கள். வலி மிகுந்தால் பாம்பு வாயை இறுக்கவே செய்யும்.

விட்ட பிறகு

முதலில் பாம்பைப் பெட்டியில் விட்டு மூடுங்கள். களேபரத்தில் அதை மறந்து, இரவெல்லாம் பீரோவுக்கு அடியில் தேட நேரிடலாம். பிறகு காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் ஐந்து முதல் பத்து நிமிடம் கழுவுங்கள். பாம்புகளின் வாயிலும் கழிவிலும் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இருக்கலாம். இரத்தம் கசிந்தால் தூய துணியால் அழுத்திப் பிடித்து, நின்றபின் பெட்டாடைன் தடவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்ப வேண்டாம். தோலுக்குள் மெல்லிய பல் முறிந்து தங்கியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். மேலாகத் தெரிந்தால் சுத்தமான இடுக்கியால் எடுத்துவிடலாம். ஆழத்தில் இருந்தால் மருத்துவரே எடுக்கட்டும். பாம்புக்கு அந்தப் பல் மறுபடியும் முளைத்துவிடும்.

கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து ஆண்டுகள் கடந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லிப் போட்டுக்கொள்ளுங்கள். வெறிநாய்க்கடி ஊசி தேவையில்லை; பாம்புகள் அந்நோயைப் பரப்புவதில்லை. முகத்திலோ விரல் மூட்டிலோ கடிபட்டவர்களும், சர்க்கரை நோயாளிகளும், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் காயம் சிறிதாகத் தெரிந்தாலும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மூச்சுத் திணறல், உடல் முழுதும் தடிப்பு, மறுநாள் பரவும் சிவப்பு, சீழ் இவற்றுள் ஒன்று தோன்றினாலும் தாமதிக்கலாகாது.

பாம்பை இரண்டு மூன்று நாள் கையில் எடுக்காமல் விடுங்கள். அதன்பின் வாய் ஒருபக்கம் கோணியிருக்கிறதா, ஈறு சிவந்து தயிர்போன்ற கசிவு இருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால் அது வாய்ப்புண்ணின் அறிகுறி. ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவர்கள் எல்லா ஊரிலும் இல்லை என்பதால், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்த முறை தீனி வைக்கும்போது எலியை விரலால் பிடிக்காமல் ஒரு முழ நீளமுள்ள இடுக்கியால் நீட்டுங்கள்; தீனி வைத்த பின் நாற்பத்தெட்டு மணி நேரம் பாம்பைத் தூக்க வேண்டாம்; கண் மங்கித் தோலுரிக்கும் நாட்களிலும் வேண்டாம். தீனி நேரமில்லாத மற்ற நேரங்களில் கையைச் சோப்பால் கழுவிவிட்டுப் பெட்டியைத் திறந்து, முதலில் ஹூக் கம்பியால் (பாம்பைத் தூக்கப் பயன்படும் முனை வளைந்த கம்பி) பாம்பின் உடலை மெல்லத் தொடுங்கள். சில வாரங்களில் அந்தத் தொடுகை வந்தால் எலி வராது என்பதை அது பழகிக்கொள்ளும்.