வீட்டிலிருந்து ஆபீஸ் டேட்டாபேஸ்: என் அனுபவம்

எங்கள் ஸ்டாக் கணக்கு முழுக்க ஒரே அக்செஸ் (மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் புரோகிராம்) ஃபைலில் இருந்தது. வீட்டிலிருந்து வேலை பார்த்த மூவருக்கு விபிஎன் (வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வரும் பாதுகாப்பான வழி) போட்டு, அதே ஷேர்டு ஃபோல்டரைக் கொடுத்தேன். ஒரு பில்லைத் தேடவே இரண்டு நிமிடம் சுற்றியது. ஒருநாள் ஒருவர் வீட்டில் பதிவு ஏற்றும்போதே நெட் போனது, ஃபைல் கெட்டுவிட்டது. முந்தின நாள் பேக்கப்தான் காப்பாற்றியது.

அக்செஸில் தேடும் வேலை நம் கம்ப்யூட்டரிலேயே நடக்கிறது. அதற்கான டேட்டா எல்லாம் லைனில் வந்தாக வேண்டும்.

அதனால் டேட்டா இருக்கும் டேபிள்களை மட்டும் எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸுக்கு மாற்றினேன். தேடும் வேலையை சர்வரிலேயே செய்யும் மைக்ரோசாஃப்ட் டேட்டாபேஸ் அது, இலவசம். ஃபார்ம்கள் (பதிவு போடும், தேடும் திரைகள்) அக்செஸிலேயே, ஆளுக்கொரு காப்பி. எக்ஸ்பிரஸில் டிசிபி/ஐபி (நெட்வொர்க் வழியாக இணையும் வசதி) ஆஃபில் இருந்தது தெரியாமல் அரைநாள் போனது. அதை ஆன் செய்து, 1433 போர்ட்டை (சர்வருக்குள் வரும் வாசல்) விபிஎன்னுக்குள் மட்டும் திறந்தேன். ரௌட்டரில் வெளியே திறந்துவிடாதீர்கள், தயவுசெய்து. பில் நம்பர் அடித்தால் அந்த ஒரு பில் மட்டும் வரும்படி ஃபார்மையும் திருத்தினேன். இப்போது உடனே வருகிறது.