ஆல்ஃபா 0.86 வந்துவிட்டதா? கொஞ்சம் பொறுங்கள்

உளவியல் அளவுகோல் தயாரிப்பவர்களின் ஆய்வேடுகளில் அடிக்கடி வரும் வரி இது: "க்ரான்பாக் ஆல்ஃபா 0.86, எனவே எல்லாக் கூற்றுகளும் ஒரே பண்பை அளக்கின்றன." அந்த 'எனவே'தான் பிழை. ஆல்ஃபா என்பது படிவத்தின் கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் நம்பகத்தன்மை எண், அவ்வளவுதான்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 20 கூற்றுகள்: பத்து தேர்வு பயம் பற்றி, பத்து நேர ஒழுங்கு பற்றி. ஒவ்வொரு பத்துக்குள்ளும் ஒட்டுறவு (இரண்டு கூற்றுகளின் விடைகள் சேர்ந்து மாறும் அளவு) 0.5, இரண்டு பத்துக்கும் நடுவே பூஜ்யம். மொத்தம் 190 ஜோடி, அதில் 90-க்குத்தான் 0.5. சராசரி 0.237. இதற்கு ஆல்ஃபா? அதே 0.86! கூற்றுகளின் எண்ணிக்கையைக் கூட்டினாலே ஆல்ஃபா ஏறும். சராசரி ஒட்டுறவு 0.2 ஆக இருந்தால் 10 கூற்றுக்கு 0.71, 30 கூற்றுக்கு 0.88. 'இதை நீக்கினால் ஆல்ஃபா எவ்வளவு' என்று மென்பொருள் காட்டும் நெடுவரிசையைப் பார்த்துப் பார்த்துக் கூற்றுகளை வெட்டினாலும் ஆபத்துதான். ஒரே வாக்கியத்தைப் பத்து விதமாகக் கேட்கும் படிவம்தான் மிஞ்சும்.

எத்தனை காரணிகள் (கூற்றுகளுக்குப் பின்னால் இருக்கும் தனித்தனிப் பண்புகள்) என்பதைக் காரணிப் பகுப்பாய்வில் பாருங்கள். ஆனால் எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருள் தானாகத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கும் 'ஐகன் மதிப்பு 1-க்கு மேல்' விதியை நம்பி அல்ல. ஒரு காரணி கூற்றுகளின் மாறுபாட்டில் எவ்வளவை விளக்குகிறது என்பதே ஐகன் மதிப்பு. அந்த மதிப்புகளின் சராசரியே 1. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத வெற்று எண்களைக் கொடுத்தாலும் ஏறக்குறைய பாதி 1-ஐத் தாண்டிவிடும். 1965-இல் ஹார்ன் முன்வைத்த பேரலல் அனாலிசிஸ், உங்கள் மதிப்புகளை அத்தகைய வெற்று எண்களின் மதிப்புகளோடு ஒப்பிடும். ஆர் மென்பொருளின் 'சைக்' தொகுப்பில் அது ஒரு வரி வேலை. நான்கைந்து விடைத் தெரிவுகள் மட்டுமே உள்ள கூற்றுகளுக்குப் வழக்கமான பியர்சன் ஒட்டுறவைவிட, வரிசைப்படுத்திய விடைத் தெரிவுகளுக்கென்றே உள்ள பாலிகோரிக் ஒட்டுறவு பொருத்தம்.

தமிழ்ப் படிவங்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. "எனக்கு நல்ல தூக்கம் வருவதில்லை" என்ற கூற்றுக்கு 'ஒருபோதும் இல்லை' என்று ஒருவர் குறிக்கிறார். தூக்கமே வருவதில்லை என்கிறாரா, அப்படியொரு பிரச்சினை இல்லை என்கிறாரா? இரண்டு பொருளிலும் குறிப்பார்கள். இத்தகைய எதிர்மறைக் கூற்றுகள் தனியே கூடி 'இரண்டாவது காரணி'யாக எழும். ஆய்வாளர் அதற்கு அழகாக ஒரு பெயரும் சூட்டிவிடுவார். முன்னோட்டத்தின்போதே ஐந்தாறு பேரை உட்காரவைத்து, என்ன நினைத்துக் குறித்தார்கள் என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

காரணிகளைக் கண்டுபிடித்த அதே மாதிரியிலேயே (விடையளித்த அதே ஆட்களின் தரவிலேயே), அந்த அமைப்பு பொருந்துகிறதா என்று சோதிக்கும் 'உறுதிப்படுத்தும் காரணிப் பகுப்பாய்வை'யும் செய்வது, வினாத்தாள் தயாரித்தவரே பரீட்சை எழுதுவது போல. 600 பேர் இருந்தால் தற்செயல் முறையில் 300, 300 ஆகப் பிரியுங்கள். பொருத்தம் வரவில்லையென்று, எதை மாற்றினால் பொருத்தம் கூடும் என்று சொல்லும் மாடிஃபிகேஷன் இண்டெக்ஸ் காட்டுகிற இடத்திலெல்லாம் கூற்றுகளின் அளவீட்டுப் பிழைகளை ஒன்றோடொன்று இணைத்துக்கொண்டே போனால், அந்த மாதிரிக்கு மட்டுமே பொருந்தும் வடிவம்தான் கிடைக்கும்.

கடைசியில் வெட்டுப்புள்ளி, அதாவது எந்த மதிப்பெண்ணிலிருந்து 'பாதிப்பு' என்று சொல்வது என்ற எல்லை. திட்ட விலக்கம் 10, நம்பகத்தன்மை 0.84 என்றால் அளவீட்டுத் திட்டப்பிழை (ஒருவரின் மதிப்பெண் அவருடைய உண்மை அளவிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) 4. 58 எடுத்தவரின் 95% இடைவெளி ஏறத்தாழ 50 முதல் 66 வரை. வெட்டுப்புள்ளியை 60 என்று வைத்து, 58-ஐ 'பாதிப்பில்லை' என்றும் 61-ஐ 'பாதிப்பு' என்றும் அறிக்கையில் எழுதுகிறவர்கள் அந்த 4-ஐப் பக்கத்திலேயே போட்டுக் காட்டட்டும்.