பாமினி கோப்பும் பிரெஞ்சு முகவரியும்: ரைட்டரில் தவிர்க்க வேண்டியவை

மஞ்சக்குப்பத்தில் டிடிபி (கணினியில் பக்கம் அமைக்கும் வேலை) பழக வரும் பிள்ளைகள் லிப்ரே ஆபீஸ் ரைட்டர் என்ற எழுதும் மென்பொருளைத் திறந்ததும் எங்கள் காலத்துக் கோளாறுகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். சேமிக்க மறப்பது போன்றவை தானாகச் சரியாகிவிடும், விடுங்கள்.

பாமினிக் கோப்பை மொத்தமாக மாற்றுவது

இன்னமும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகம் மாட்டுகிறது, அவ்வளவுதான். மெய்யெழுத்தின் புள்ளிகூட அங்கே அரைப்புள்ளிக் குறிதான். அதை யூனிகோடாக, அதாவது கணினி தமிழாகவே அறியும் குறியீடாக, மாற்றித் தரும் கன்வர்ட்டரில் வெறும் உரையை ஒட்டும்போது எது எந்த எழுத்துருவில் இருந்தது என்ற தகவல் போய்விடும். கன்வர்ட்டர் எல்லாவற்றையும் பாமினி என்றே எடுத்துக்கொள்ளும்.

புதுச்சேரியில் ஒரு பள்ளி ஆண்டு மலர். கட்டுரைகள் பாமினியில், நடுநடுவே பிரெஞ்சு வாழ்த்துரை, ரூ துமா, ரூ சுய்ஃப்ரன் என்று பிரெஞ்சு முகவரிகள் ('ரூ' என்றால் தெரு). வேலையை எடுத்த பையன் கண்ட்ரோல் ஏ, கண்ட்ரோல் சி என்று முழுக் கோப்பையும் கன்வர்ட்டரில் கொட்டினான். தமிழ் பளிச்சென்று வந்தது. பிரெஞ்சு மட்டும் பொருளில்லாத தமிழ் எழுத்துகளாகிவிட்டது. பார்வைக்குத் தமிழாகவே இருந்ததால் மெய்ப்பு புரட்டியவர் கண்ணிலும் படவில்லை. அச்சடித்து, பைண்டிங்கும் முடிந்த பிறகுதான் தெரிந்தது. தாள் செலவு கடைக்காரர் தலையில்.

முதலில் மூலக் கோப்பை நகலெடுத்து வையுங்கள். ரைட்டரின் 'கண்டுபிடி, மாற்று' பெட்டியில் எழுத்துருவை வைத்தும் தேடலாம். பாமினி அல்லாதவற்றைத் தேடித் தேர்ந்து சிவப்பு நிறம் கொடுங்கள். கறுப்பை மட்டும் பத்தி பத்தியாக மாற்றுங்கள். பொறுமை இல்லையா, அந்த வேலையை எடுக்காதீர்கள்.

"தமிழ் எழுத்துரு மாறமாட்டேங்குது"

ரைட்டர் பிரெஞ்சுக்கும் யூனிகோடு தமிழுக்கும் எழுத்துரு, அளவு, மொழி மூன்றையும் தனித்தனியே வைத்திருக்கிறது. பத்தி நடையை (பாராகிராஃப் ஸ்டைல்) திருத்தும்போது இரண்டையும் அமைக்க வேண்டும். தமிழ்ப் பகுதியே காணோம் என்றால் மொழி அமைப்புகளில் சிக்கல் எழுத்து வகையை (காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்) இயக்கித் தமிழைத் தேர்ந்தெடுங்கள்.

'ஒ'வும் 'ள'வும் சேர்த்து 'ஔ' ஆக்குவது

பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் அது 'ஔ' என்ற ஒரே எழுத்து அல்ல, தேடலில் சிக்காது.

முதல் நாளே வேர்டு வடிவத்துக்குப் போவது

வேலை முடியும்வரை ஓடிடி, அதாவது ரைட்டரின் சொந்தக் கோப்பு வடிவம். 2006 முதல் அது ஐஎஸ்ஓ தரம். கேட்பவருக்குக் கடைசியில் ஒரு வேர்டு நகல் போதும்.

அச்சகத்துக்கு ஓடிடி அனுப்புவது

பிடிஎஃப் அனுப்புங்கள். அவர்கள் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லையென்றால் பக்கக் கணக்கே மாறிவிடும்.