விண்டோஸ் புதிதாகப் போட்ட பின் கடை லேப்டாப்பை வேலைக்குத் தயார் செய்யும் முறை

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு ஜவுளிக் கடைகளிலும் பாரிமுனை ஆண்டர்சன் தெரு அழைப்பிதழ்க் கடைகளிலும் கணக்கு மேசையில் இருக்கும் லேப்டாப்களில் பல, பெரிய நிறுவனங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திக் கழித்த டெல் லேட்டிட்யூட், லெனோவோ திங்க்பேட், எச்பி எலைட்புக் வகையைச் சேர்ந்தவை. நன்றாக உழைக்கும் என்பதால் அவற்றை வாங்குவதில் தவறில்லை. ஆனால் விண்டோஸை மறுபடி போட்டு, முகப்புத் திரை வந்ததுமே வேலை முடிந்தது என்று கையில் கொடுத்துவிடும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. பில் அச்சாக வேண்டும், கணக்கு மென்பொருளான டாலி திறக்க வேண்டும், டிஜிட்டல் கையொப்பம் வேலை செய்ய வேண்டும், பழைய தமிழ்க் கோப்பு சிதையாமல் தெரிய வேண்டும். அதுவரை அந்த லேப்டாப் கடைக்கு உதவாது.

ஃபார்மட் செய்வதற்கு முன்

ஜிஎஸ்டி படிவங்களை மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1-க்கு 11-ஆம் தேதியும் ஜிஎஸ்டிஆர்-3பி-க்கு 20-ஆம் தேதியும் கடைசி நாள் என்பதால், அந்த நாள்களை ஒட்டி இந்த வேலையைத் தொடங்காதீர்கள். டாலி டேட்டா ஃபோல்டரையும், சி டிரைவில் விண்டோஸுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வைத்து, டாலி லைசென்ஸை இந்த லேப்டாப்பிலிருந்து விடுவிக்கும்படி சரண்டர் செய்துவிடுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சிப்பும் இருந்தால் விண்டோஸ் 11-ஐயே போடுங்கள்.

முதலில் இணையம், பிறகு நேரம்

வைஃபையை இயக்கும் டிரைவர் மென்பொருள் இல்லாததால் இணையம் இல்லை, இணையம் இல்லாததால் டிரைவரை இறக்க முடியவில்லை என்ற நிலை பலருக்கும் வரும். ஆண்ட்ராய்டு போனை சார்ஜர் கேபிளால் லேப்டாப்பில் இணைத்து, போனின் ஹாட்ஸ்பாட் பகுதியில் யுஎஸ்பி டெதரிங்கை இயக்கினால் போதும்.

இணைந்ததும், உங்களுக்குத் தொடர்பில்லாத ஒரு நிறுவனத்தின் பெயர் திரையில் தோன்றி அதன் மின்னஞ்சல் கணக்கைக் கேட்டால், அந்த நிறுவனம் இந்த லேப்டாப்பைத் தன் நிர்வாகப் பட்டியலிலிருந்து இன்னும் நீக்கவில்லை என்று பொருள். குறுக்கு வழியில் அந்தத் திரையைத் தாண்டச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். அடுத்த முறை ஃபார்மட் செய்யும்போதும் அதே திரைதான் வரும். விற்ற கடையிடமே கொடுத்து, பட்டியலிலிருந்து நீக்கித் தரவோ வேறு லேப்டாப் மாற்றித் தரவோ கேளுங்கள்.

நேர மண்டலம் அமெரிக்க நேரத்தில் நின்றிருந்தால் சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுதில்லி என்று இருக்கும் +05:30-க்கு மாற்றுங்கள். லேப்டாப்பை அணைத்து எழுப்பும்போதெல்லாம் தேதி பின்னோக்கிப் போனால் மதர்போர்டில் உள்ள சிறு பேட்டரி தீர்ந்திருக்கலாம். தேதி தவறாக இருந்தால் வங்கித் தளமும் ஜிஎஸ்டி தளமும் பாதுகாப்பற்ற தளம் என்று பிரவுசர் எச்சரிக்கும். பலர் அதை இணையக் கோளாறு என்று நினைத்து ரவுட்டரோடு போராடுகிறார்கள்.

டிவைஸ் மேனேஜர்

இங்கே பொறுமை வேண்டும். ஸ்டார்ட் பட்டனின் மேல் வலது கிளிக் செய்து, லேப்டாப்பின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, மஞ்சள் முக்கோணம் உள்ள ஒவ்வொரு வரியையும் பாருங்கள். 'பிசிஐ சிம்பிள் கம்யூனிகேஷன்ஸ் கன்ட்ரோலர்' என்று இருந்தால் இன்டெல் மேனேஜ்மென்ட் எஞ்சினுக்கான டிரைவர் இல்லை. 'எஸ்எம் பஸ் கன்ட்ரோலர்' என்றால் சிப்செட் டிரைவர் இல்லை. 'அன்நோன் டிவைஸ்' என்று மட்டும் இருந்தால், அதன் ப்ராபர்ட்டீஸில் டீட்டெய்ல்ஸ் பகுதிக்குப் போய் ஹார்ட்வேர் ஐடியைத் தேர்ந்தெடுத்து, அந்த வரியை அப்படியே நகலெடுத்து இணையத்தில் தேடினால் அது எந்தப் பாகம் என்பது தெரிந்துவிடும். அதில் 8086 என்ற எண் இருந்தால் தயாரித்தது இன்டெல்.

டிரைவர்களைத் தேடித் தருவதாகச் சொல்லும் வேற்று மென்பொருள்களைத் தவிருங்கள். முதலில் விண்டோஸ் அப்டேட்டின் ஆப்ஷனல் அப்டேட்ஸ் பகுதியைப் பாருங்கள். மீதியை லேப்டாப்பின் அடியில் ஒட்டியுள்ள சர்வீஸ் டேக் அல்லது சீரியல் எண்ணைக் கொடுத்து, தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்குங்கள். சிப்செட், ஸ்டோரேஜ், கிராஃபிக்ஸ், நெட்வொர்க், ஆடியோ, டச்பேட் என்ற வரிசையில் நிறுவி, மஞ்சள் முக்கோணம் ஒன்றுகூட இல்லாத பிறகே டாலியையும் பிரிண்டரையும் தொடுங்கள்.

விண்டோஸ் போடும்போது எஸ்எஸ்டி தெரியவில்லை என்று லேப்டாப்பின் அடிப்படை அமைப்புத் திரையான பயோஸில், டிஸ்க்கை இயக்கும் முறையை ரெய்டிலிருந்து ஏஎச்சிஐ என மாற்றியிருந்தால், அதை இனி அப்படியே விடுங்கள். திருப்பி மாற்றினால் நீலத்திரையோடு நின்றுவிடும். பயோஸ் அப்டேட் செய்வதாக இருந்தால் சார்ஜரை இணைத்து, டிஸ்க்கைப் பூட்டிக் காக்கும் பிட்லாக்கரை முதலில் இடைநிறுத்துங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை இயக்கும்போது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாகப் போட்ட விண்டோஸ் 11-இல் டிஸ்க் என்கிரிப்ஷன் தானாகவே இயங்கியிருக்கலாம் என்பதால், அந்தச் சாவியைத் தாளில் எழுதிக் கணக்குப் புத்தகங்களோடு வையுங்கள்.

விண்டோஸ் உரிமத்தை உறுதிசெய்யும் ஆக்டிவேஷன் பெரும்பாலும் தானே முடிந்துவிடும். முடியாவிட்டால் லேப்டாப்போடு வந்த அசல் விண்டோஸ் பதிப்பு ஹோமா ப்ரோவா என்று பாருங்கள். திருட்டு ஆக்டிவேட்டரைப் போடாதீர்கள். அதே லேப்டாப்பில்தான் உங்கள் வங்கிக் கணக்கு திறக்கப்படுகிறது.

பொது ஃபோல்டர்

லேப்டாப்புக்கு விண்டோஸ் புதிய பெயரைத் தானாகச் சூட்டியிருக்கும். கடையின் மற்ற கணினிகள் பழைய பெயரில் தேடுவதால், அந்தப் பெயரையே திரும்ப வையுங்கள். நெட்வொர்க் 'பப்ளிக்' என்று இருந்தால் 'பிரைவேட்' ஆக்குங்கள். விண்டோஸ் 11 ப்ரோவின் 24எச்2 பதிப்பில் பாஸ்வேர்டு இல்லாத பகிர்வை ஏற்க மாட்டாது. டாலி டேட்டா உள்ள கணினியில் ஒரு யூசரையும் பாஸ்வேர்டையும் உருவாக்கி, அதைக் கொண்டு இணையுங்கள்.

பழைய தமிழ் எழுத்துகள்

அழைப்பிதழ்க் கடைக்காரர்களை அதிகம் பதறவைப்பது இதுதான். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்பைத் திறந்தால் 'தமிழ்' என்னும் சொல் ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் இறுதியில் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும். கோப்பு கெடவில்லை. பாமினி, வானவில் போன்றவை யூனிகோடு அல்லாத எழுத்துருக்கள். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தைக் காட்டுபவை. எழுத்துரு இல்லாமல் போனதால் அடியில் இருந்த ஆங்கில எழுத்து வெளியே தெரிகிறது. எடுத்து வைத்த ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அவற்றைத் தேர்ந்தெடுத்து, வலது கிளிக் செய்து நிறுவினால் பெயரும் முகூர்த்த நேரமும் பழையபடி வந்துவிடும். திறந்து பார்த்துப் பயந்து 'சேவ்' கொடுக்காதீர்கள். வேறு எழுத்துருவுக்கு மாறிய பக்க அமைப்பு அப்படியே பதிவாகிவிடக்கூடும். லதா எழுத்துரு காணவில்லை என்றால் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பகுதியில் தமிழ் எழுத்துருத் தொகுப்பைச் சேருங்கள். தமிழ் மொழியைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கும்.

டிஜிட்டல் கையொப்பம்

கையொப்பம் டோக்கன் என்னும் சிறு யுஎஸ்பி கருவிக்குள் இருப்பதால் ஃபார்மட்டில் அது அழிவதில்லை. அதற்கான டிரைவரும் ஜிஎஸ்டி தளத்துக்கான எம்சைனர் மென்பொருளும்தான் போயிருக்கும். இரண்டையும் நிறுவி, டோக்கனைச் செருகி, அதன் மென்பொருளில் உங்கள் பெயரும் காலாவதித் தேதியும் தெரிகின்றனவா என்று பார்த்த பிறகே தளத்துக்குப் போங்கள். பாஸ்வேர்டு நினைவில் இல்லையென்றால் ஊகித்து அடிக்காதீர்கள். பல முறை தவறினால் டோக்கன் பூட்டிக்கொள்ளும், பிறகு கையொப்பம் வழங்கியவரிடம்தான் போக வேண்டியிருக்கும்.