பள்ளி மூடப்பட்டாலும் பாடம் தொடர: தாராவித் தமிழ்த் தன்னார்வலர்களுக்கான வழிமுறை

பள்ளிகள் நீண்ட நாள் மூடப்படும் நிலை மீண்டும் வந்தால், எந்தச் செயலி நல்லது என்று ஆராய்வதற்கு முன், எந்த வீட்டில் எந்தக் கருவி எந்த நேரத்தில் பிள்ளையின் கைக்கு வரும் என்பதை ஒவ்வொரு குடும்பத்திடமும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தாராவியில் வீட்டுக்கு ஒரே கைபேசி என்பது புதிதல்ல. அது காலையில் அப்பாவுடன் வேலைக்குப் போனால் இரவில்தான் திரும்பும். அப்படிப்பட்ட வீட்டில் பகல் நேரலை வகுப்பு இருந்தும் பயனில்லை.

கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்ட 2020-இல் நாடுகளும் கையிலிருந்த கருவியை வைத்தே முடிவெடுத்தன. பிள்ளைகளுக்கு 2007 முதலே மடிக்கணினி வழங்கிவந்த உருகுவே இணையவழிக்கு எளிதில் மாறியது. இணையத்தைவிடத் தொலைக்காட்சி பரவலாக இருந்த மெக்சிகோ, ஆகஸ்ட் 24 அன்று தொடங்கிய கல்வியாண்டின் பாடங்களைத் தனியார் அலைவரிசைகளின் துணையோடு ஒளிபரப்பியது. எபோலா நோய் பரவிய காலத்தில் நடத்திய வானொலி வகுப்புகளைச் சியரா லியோன் மீண்டும் கையிலெடுத்தது.

நமக்கு மிகவும் பொருந்துவது போட்ஸ்வானாவின் அனுபவம் என்பது என் உறுதியான கருத்து. அங்கு ஆய்வாளர்கள் சில குடும்பங்களுக்கு வாரந்தோறும் எளிய கணக்குகளைக் குறுஞ்செய்தியாக மட்டும் அனுப்பினார்கள். வேறு சில குடும்பங்களுக்குக் குறுஞ்செய்தியுடன் 15 முதல் 20 நிமிடத் தொலைபேசி அழைப்பையும் சேர்த்தார்கள். அழைப்பும் சேர்ந்த வீடுகளில்தான் பிள்ளைகளின் கணக்குத் திறன் தெளிவாக உயர்ந்தது. இதற்கு ஸ்மார்ட்போனும் வேண்டாம், இணையமும் வேண்டாம்.

இதையே இங்கும் செய்யலாம். வாரத் தொடக்கத்தில் கணக்குகளை அனுப்பிவிட்டு, கைபேசி வீடு திரும்பும் நேரம் பார்த்து, பெற்றோரின் அனுமதியுடன் அழையுங்கள். ஒலிபெருக்கியைப் போடச் சொன்னால் அம்மாவும் உடனிருந்து கேட்பார். "வடாபாவ் ஒன்று 15 ரூபாய், நான்கு வாங்கி நூறு ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். நாற்பது என்று சரியாகச் சொன்னாலும், எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்காமல் அடுத்த கணக்குக்குப் போகாதீர்கள், ஏனெனில் பிள்ளை பெருக்கலில் தடுமாறுகிறதா கழித்தலில் தடுமாறுகிறதா என்பது அந்தப் பதிலில்தான் தெரியும். பெருக்கல் வராத பிள்ளைக்கு, அது எந்த வகுப்பில் படித்தாலும், பெருக்கலையே கொடுங்கள்.

மாநகராட்சித் தமிழ்வழிப் பள்ளி மாணவர்கள் தமிழ்நாட்டின் கல்வித் தொலைக்காட்சிப் பாடங்களை யூடியூபில் பார்க்கலாம். கணக்குக்கும் தமிழ் வாசிப்புக்கும் அவை உதவும். வரலாறு, புவியியலுக்கு மகாராஷ்டிரப் பாடத்திட்டம் வேறு என்பதால் வகுப்பாசிரியரைக் கேட்டே தேர்ந்தெடுங்கள்.

தொடர்ந்து இரண்டு வாரம் அழைப்பு எடுக்கப்படாவிட்டால், குடும்பம் ஊருக்குப் போய்விட்டதா, எண் மாறிவிட்டதா என்று பக்கத்து வீட்டில் விசாரித்து, புதிய எண்ணைப் பதிவேட்டில் எழுதி, அந்த வாரமே மீண்டும் அழையுங்கள்.