பின் டயரின் உள்விளிம்பு: ஹோண்டா எஸ்2000 வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

ஹோண்டா எஸ்2000 காரைப் பழைய வண்டியாக அண்மையில் வாங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதிலும் ஏபி1 எனப்படும், 1999 முதல் 2003 வரை வந்த முதல் வகை வண்டியை வைத்திருப்பவர்கள் இதை அவசியம் படிக்க வேண்டும். நான் இங்கிலாந்தில் ஓட்டுவதால், கீழே வரும் சட்ட அளவுகள் இந்நாட்டுக்கு உரியவை.

இந்த வண்டி என்றால் எல்லோரும் எஞ்சினைப் பற்றித்தான் பேசுவார்கள். 2 லிட்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை ஏறுகிறது என்றால் பேசாமல் இருக்க முடியாதுதான். ஆனால் வண்டியை அன்றாடம் வைத்து ஓட்டுகிறவர் முதலில் பழகிக்கொள்ள வேண்டியது பின் டயரின் உள்விளிம்பைத்தான். வெளியே நின்று பார்த்தால் இன்னும் ஓராண்டு ஓடும் என்று தோன்றும் டயர், உள்பக்கத்தில் மொட்டையாகி, கம்பி தெரியும் நிலையில் இருக்கக்கூடும். என் முதல் ஜோடிப் பின் டயர்கள் அப்படித்தான் போயின. ஆண்டுச் சோதனைக்காக வண்டியைத் தூக்கி நிறுத்தியபோதுதான், ரப்பரைக் கிழித்துக்கொண்டு மெல்லிய எஃகு இழைகள் துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருந்ததைக் கண்டேன். அதே டயரில்தான் முந்தைய வாரம் மழையில் நெடுஞ்சாலையில் வந்திருந்தேன்.

ஏன் இப்படித் தேய்கிறது?

வண்டிக்குப் பின்னால் சற்றுத் தள்ளிக் குந்திப் பார்த்தால், பின்சக்கரங்களின் மேல்பகுதி லேசாக உள்நோக்கிச் சாய்ந்திருப்பது தெரியும். இந்தச் சாய்வைக் கேம்பர் என்பார்கள். தொழிற்சாலை அளவே ஏறத்தாழ ஒன்றரை டிகிரி. இதோடு, இரு சக்கரங்களின் முன்விளிம்புகளும் ஒன்றையொன்று நோக்கிச் சிறிது குவிந்திருக்கும், இது டோ-இன். சாய்வினால் எடையின் பெரும்பங்கு உள்விளிம்பில் விழுகிறது. குவிவினால் அந்த விளிம்பு உருள்வதோடு நில்லாமல், ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டில் சிறிது இழுபடுகிறது. சாய்வு மட்டும் இருந்தால் டயர் ஓரளவு தாங்கும். இரண்டும் சேரும்போதுதான் ரப்பர் அரத்தில் வைத்துத் தேய்த்ததுபோலக் கரைகிறது.

ஏபி1 வண்டியில் இன்னொரு குணமும் உண்டு. பின்பக்கம் அமுங்கும்போது குவிவு கூடுகிறது, எழும்பும்போது குறைகிறது. வளைவில் பாதியில் பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால், பின்பக்கம் எழும்பி, பிடிப்பு தளர்ந்து, வால் வெளியே வீசுவதற்கு இதுவும் ஒரு காரணம். 2004-இல் வந்த ஏபி2 வகையில் ஹோண்டா இந்த மாற்றத்தின் அளவைக் குறைத்தது. வழுக்கலைக் கட்டுப்படுத்தும் மின்னணு வசதி 2006-இல்தான் வந்தது. ஆகவே உங்கள் ஏபி1 வண்டியில் டயரின் ரப்பரைத் தவிர உங்களுக்கு வேறு காவல் இல்லை.

படி 1: காற்றழுத்தம்

காலையில், வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். முன்னும் பின்னும் 32 பிஎஸ்ஐ. பெட்ரோல் பங்க்கில் உள்ள கருவியை நம்பாமல், சொந்தமாக ஒரு கருவி வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 2: உள்விளிம்பைப் பார்த்தல்

முன் டயரைப் பார்ப்பது எளிது. ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துவிட்டால் அதன் முகம் வெளியே தெரியும். பின் டயர் திரும்பாது. இந்த ஒரு காரணத்தால்தான் அது பலர் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கியரில் போட்டு, கைப்பிரேக்கை இழுத்துவிடுங்கள். தரையில் ஒரு பாயோ அட்டையோ விரித்து, பின்பம்பருக்குப் பின்னால் படுத்து, டார்ச்சை டயரின் உள்பக்கத்தை நோக்கி அடியுங்கள். ஜாக்கி தேவையில்லை; ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் எந்நாளும் தலையை நுழைக்கக் கூடாது. முதலில் கண்ணால் பார்த்து, கம்பி எதுவும் நீட்டிக்கொண்டிருக்கவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே, தடித்த கையுறை அணிந்து தடவிப் பாருங்கள். உள்ளங்கையை ஒரு திசையில் ஓட்டினால் வழவழப்பாகவும், எதிர்த்திசையில் ஓட்டினால் இரம்பப் பல்லைப் போலவும் தட்டுப்பட்டால், குவிவு அளவு மீறியிருக்கிறது என்று பொருள். இந்தத் தடவல், கண்ணுக்குத் தேய்மானம் தெரிவதற்குப் பல வாரங்கள் முன்பே உண்மையைச் சொல்லிவிடும். பின்னர் வண்டியை அரைச் சுற்று நகர்த்தி, மறுபாதியையும் பாருங்கள்.

படி 3: ஆழத்தை மூன்று இடங்களில் அளத்தல்

வெளி, நடு, உள் என மூன்று வரிப்பள்ளங்களில் அளக்க வேண்டும். ஒன்றை மட்டும் அளப்பது அளக்காததற்குச் சமம். ஆழமானி மலிவாகக் கிடைக்கும். கையில் இல்லையென்றால் 20 பென்ஸ் நாணயத்தைப் பள்ளத்தில் செருகுங்கள். அதன் வெளிவளையம் முழுவதும் மறைந்தால் சட்ட அளவுக்கு மேல் இருக்கிறது. அச்சட்ட அளவு, டயர் அகலத்தின் நடு முக்கால் பகுதியில், முழுச் சுற்றுக்கும் 1.6 மில்லிமீட்டர். மீறினால் ஒரு டயருக்கு 2,500 பவுண்டு வரை அபராதமும் 3 தண்டப் புள்ளிகளும் விதிக்கலாம். ஆனால் 1.6 வரை காத்திருக்க வேண்டாம் என்றே வற்புறுத்துவேன். உள்பள்ளம் 3 மில்லிமீட்டரைத் தொட்டவுடன் நான் மாற்றிவிடுகிறேன். தேங்கிய நீரை வெளியே தள்ளும் திறன் அதற்குப் பிறகு வேகமாகக் குறைகிறது.

படி 4: டயர் வாங்குதல்

ஏபி1 வண்டிக்கு முன்னால் 205/55 ஆர்16, பின்னால் 225/50 ஆர்16. அளவு வேறு என்பதால் முன் டயரைப் பின்னுக்கும் பின் டயரை முன்னுக்கும் மாற்றித் தேய்மானத்தைச் சமன்செய்ய வழியில்லை. என் வண்டியில் முன்னால் ஒரு ஜோடி தேய்வதற்குள் பின்னால் இரண்டு ஜோடி தேய்ந்துவிடுகின்றன. இந்தச் செலவை முன்கூட்டியே ஒதுக்கிவையுங்கள். பின் டயர்களை எப்போதும் ஜோடியாகவே மாற்றுங்கள். பின்னால் தேய்ந்த டயர் இருக்க, முன்னால் மட்டும் நல்ல பிடிப்புள்ள புது டயரைப் போடுவது இந்த வண்டியில் ஆபத்தான செயல். வால் வீசும் குணத்தை நீங்களே வளர்த்துவிடுவீர்கள். டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் படியுங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. எப்போதாவது மட்டும் ஓட்டப்படும் வண்டிகளில், பள்ளம் ஆழமாக இருந்தும் வயதால் கெட்டிப்பட்ட டயர்கள் அதிகம். மாட்டியபின் சக்கர நட்டுகளை 108 நியூட்டன் மீட்டர் முறுக்கத்துக்கு இறுக்குங்கள். முதல் 150 கிலோமீட்டர் வரை நிதானமாக ஓட்டுங்கள். புது ரப்பரின் வழுக்கும் மேல்பூச்சு போக வேண்டும்.

படி 5: அலைன்மென்ட்

புது டயர் போட்ட கையோடு நான்கு சக்கர அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் சாய்வையும் குவிவையும் அளந்து சரிசெய்யும் வேலை, செய்ய வேண்டும். ‘நான்கு சக்கரம்’ என்பதைப் பட்டறையில் அழுத்திச் சொல்லுங்கள். ஒருமுறை ஒரு பட்டறையில் முழுத் தொகையையும் வாங்கிக்கொண்டு, முன்சக்கரங்களை மட்டும் சரிசெய்து அனுப்பிவிட்டார்கள். பின்சக்கர அளவுகளைத் திருத்தும் போல்ட்டுகள் அசையவே இல்லை என்பதை நான் கேட்ட பிறகுதான் சொன்னார்கள். பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பினால் இந்த போல்ட்டுகள், தாம் நுழைந்திருக்கும் புஷ் எனப்படும் உறையோடு ஒட்டி இறுகிப்போவது இந்நாட்டு வண்டிகளில் மிகவும் சாதாரணம். ஆகவே நாள் குறிப்பதற்கு முன்பே, அவை கழல்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். கழலவில்லையென்றால் வெட்டி எடுத்துப் புதிது போட வேண்டியிருக்கும். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகள் அச்சிட்ட தாளைக் கையோடு வாங்கி வாருங்கள். வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங் போட்டிருந்தால், சாய்வு தொழிற்சாலை அளவைத் தாண்டியிருக்கும். அந்நிலையில் குவிவைச் சரியாக வைப்பது இன்னும் முக்கியம்.

படி 6: குறித்து வைத்தல்

மாதம் ஒருமுறை அந்த மூன்று அளவுகளையும் மீட்டர் ஓட்டத்தோடு சேர்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். வெளி 5, நடு 5, உள் 4 என்று வந்தால் இந்த வண்டிக்கு அது இயல்பு. வெளி 5, நடு 4.5, உள் 2.5 என்றால் அலைன்மென்ட் தாளை எடுத்துக்கொண்டு பட்டறைக்குச் செல்லுங்கள். வெளியும் உள்ளும் குறைந்து நடு மட்டும் உயர்ந்திருந்தால் காற்று குறைவாக ஓடியிருக்கிறது. படி 1-க்குத் திரும்புங்கள்.